முதல் வருடத்தில் தவறு செய்ய யாருக்கு அனுமதி?

கல்லூரி ஆட்டத்தில் தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் போட்டுப் பெயர் வாங்கிய ஒருவர், தொழில்முறை ஆட்டத்தின் முதல் வருடத்தில் தாக்குப்பிடிப்பாரா? அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்கள் வருடா வருடம் கேட்கும் கேள்வி இது. 2024இல் அது கெய்ட்லின் கிளார்க் என்ற 22 வயதுப் பெண்ணைச் சுற்றி எழுந்தபோது கூடைப்பந்துக்கு வெளியே உள்ளவர்களெல்லாம் அதில் கருத்துச் சொன்னார்கள். திறமை, உழைப்பு, வாய்ப்பு, நிறம் என்று பேச்சு விரிந்தது. சாதியைப் பற்றி எழுதும் இடத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். 'தகுதி' என்ற சொல் எங்கே புழங்குகிறதோ அங்கே நமக்கும் வேலை இருக்கிறது. அதனால் எழுதுகிறோம்.

எங்கள் குழுவில் இரண்டு பேர் கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்து ஆடியவர்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். அங்கே இரவு ஏழரை மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை 5 மணி. ஃபோனில் பார்த்துவிட்டு, பிறகு அவரவர் வேலைக்குப் போகும் வழியில் சண்டை போட்டுக்கொள்வோம். அந்தச் சண்டையின் சாரம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்போம். கல்லூரி ஷூட்டர்களின் கதை ஒரே மாதிரி முடிந்ததில்லை. ஆண்கள் ஆட்டத்தில் மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். ஜிம்மர் ஃப்ரெடெட் 2010–11இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்காக ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற பட்டமும் கிடைத்தது. என்பிஏவில் முதல் வருடம் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 7.6 புள்ளி. சில வருடங்களில் சீனாவுக்கு ஆடப் போய்விட்டார். ஜே.ஜே. ரெடிக், டியூக் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் 26.8 எடுத்தவர். ஆர்லாண்டோ அணியில் முதல் வருடம் 6 புள்ளி. ஆனால் அவர் 15 வருடம் நிலைத்து ஆடினார். ஸ்டெஃபன் கரி, டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் 28.6 எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். 2009இல் ஏழாவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். முதல் வருடமே 17.5 புள்ளி, மூன்று புள்ளி எறிகளில் 43.7 சதவீதம். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

மூன்று பேருக்கும் எறியும் கை ஏறக்குறைய ஒரே தரம். அப்புறம் எதில் வித்தியாசம்? பந்தை எறிய ஓர் இடமும் அரை நொடியும் வேண்டும். கல்லூரியில் அது சுலபமாகக் கிடைக்கும். எதிரணியில் உயரமான, வேகமான, நீண்ட கை உள்ள ஆள் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் ஐந்து பேருமே அப்படித்தான். பந்தைத் தட்டிக்கொண்டு தானே இடத்தை உருவாக்கத் தெரிந்தவர் பிழைப்பார். கரிக்கு அது தெரியும். மற்றவர் உருவாக்கித் தரும் இடத்துக்கு ஓடிப் போய் நிற்கக் கற்றுக்கொண்டவரும் பிழைப்பார். ரெடிக் அப்படிப் பிழைத்தார். இரண்டுக்கும் நேரம் வேண்டும், பயிற்சியாளரின் பொறுமை வேண்டும். இந்தப் பொறுமை யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் எங்கள் சண்டையின் மையம்.

கிளார்க் அயோவா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத்தில் 3,951 புள்ளி எடுத்தார். கடைசி வருடச் சராசரி 31.6. பாதி மைதானத்தைத் தாண்டியதுமே எறிவார், போய் விழும். 2024 மார்ச் 3 அன்று பீட் மாராவிச்சின் 3,667 என்ற பழைய சாதனையைக் கடந்ததும், ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து முதல் வகுப்புக் கல்லூரி ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்று அறிவித்தார்கள். விழா எடுக்க வேண்டிய சாதனைதான்.

ஆனால் சாதனைப் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. மாராவிச் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியது 1967 முதல் 1970 வரை. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கூடைப்பந்து அணியில் முதல் கறுப்பின வீரர் சேர்ந்தது 1971இல்தான். அவர் பெயர் காலிஸ் டெம்பிள். அதாவது ஐம்பது வருடத்துக்கு மேல் நின்ற அந்தச் சாதனை, கறுப்பினத்தவர் உள்ளே வர முடியாத ஓர் அணியில் நிகழ்த்தப்பட்டது. மாராவிச் பெரிய ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. மூன்று புள்ளிக் கோடே இல்லாத காலத்தில், மூன்றே வருடத்தில் எடுத்தது அது. ஆனாலும் 'எல்லாக் காலத்துக்கும்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள், யாரை உள்ளே விடவே இல்லை என்று கேட்காமல் எப்படி இருக்க முடியும்?

லினெட் வுட்டர்டின் கதை இதைவிட அழுத்தமானது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1977 முதல் 1981 வரை ஆடிய கறுப்பினப் பெண். 3,649 புள்ளி. அன்று பெண்களுக்கும் ஆண்கள் பயன்படுத்தும் பெரிய பந்துதான், மூன்று புள்ளிக் கோடும் கிடையாது. ஆனால் அவர் பெயர் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. காரணம், என்சிஏஏ என்ற அமைப்பு பெண்களுக்குச் சாம்பியன் போட்டி நடத்தத் தொடங்கியது 1981–82இல்தான். அதற்கு முன் பெண்கள் விளையாட்டை வேறொரு அமைப்பு நடத்தியது. என்சிஏஏ வந்ததும் அந்த அமைப்பு மூடப்பட்டது, அங்கே எடுத்த புள்ளிகள் கணக்கில் சேரவில்லை. கிளார்க் பிப்ரவரி 15 அன்று கெல்சி பிளமின் 3,527ஐக் கடந்தபோது 'பெண்களில் முதலிடம்' என்று கொண்டாடினார்கள். வுட்டர்டின் எண்ணிக்கை அதற்கு மேலே, யாரும் திரும்பிப் பார்க்காமல் நின்றது. இரண்டு வாரம் கழித்து கிளார்க் அதையும் கடந்தார். சிறு கல்லூரிகள் பிரிவில் ஆடிய பேர்ல் மூர் என்ற இன்னொரு கறுப்பினப் பெண்ணின் 4,061ஐ கிளார்க்கும் தொடவில்லை.

வுட்டர்ட் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் தலைவி. அடுத்த வருடம் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்த முதல் பெண். அப்படிப்பட்டவருக்கே இந்த நிலை. கோயில் கட்டியவர் பெயர் கல்வெட்டில் இல்லாத ஊரிலிருந்து எழுதுகிற எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2024 ஏப்ரல் 15 அன்று இந்தியானா ஃபீவர் அணி கிளார்க்கை முதல் ஆளாக எடுத்தது. கல்லூரி இறுதி ஆட்டம் முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மே 14இல் முதல் தொழில்முறை ஆட்டம். இடையில் ஓய்வு என்று ஒன்றும் கிடையாது. டையானா டாரசி போன்ற மூத்த வீராங்கனைகள், தொழில்முறை ஆட்டத்தின் நிஜம் வேறு, வந்து பார்க்கட்டும் என்ற பொருளில் பேசியிருந்தார்கள். அதைப் பொறாமை என்று பலர் திட்டினார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று 12 அணி, அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தம் 144 இடம்தான். அப்போது ஒவ்வொரு வருடமும் டிராஃப்டில் 36 பேரை எடுத்தார்கள். அதில் பலர் முதல் ஆட்டத்துக்கு முன்பே வெளியேற்றப்பட்டார்கள். அந்த 144இல் ஒரு நாற்காலியைப் பத்து இருபது வருடம் விடாமல் பிடித்து வைத்திருப்பவர்கள் புதிதாக வருபவரிடம் வேறு எப்படிப் பேசுவார்கள்?

கனெக்டிகட் சன் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கிளார்க் 20 புள்ளி எடுத்தார். 10 முறை பந்தைப் பறிகொடுத்தார். அணி 92–71 என்று தோற்றது. டிஜோனாய் கேரிங்டன் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தார், திரும்பும் பக்கமெல்லாம் ஒரு கை இருந்தது. முதல் ஒன்பது ஆட்டத்தில் ஃபீவருக்கு ஒரே ஒரு வெற்றி. 'அவ்வளவுதான், கல்லூரியோடு சரி' என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்த எங்கள் குழுவின் பழைய ஆட்டக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்: எறியை விடுங்கள், அவள் பாஸைப் பாருங்கள். சக ஆட்டக்காரர் வந்து சேர்வதற்கு முன்பே பந்து அங்கே போய்விடுகிறது. பழகாத கை அதைத் தவற விடுகிறது, கணக்கில் அது கிளார்க்கின் தவறாக ஏறுகிறது.

அது அப்படித்தான் முடிந்தது. ஜூலை 6இல் நியூயார்க் அணிக்கு எதிராக 19 புள்ளி, 12 ரீபவுண்ட், 13 அசிஸ்ட். அந்த லீகில் முதல் வருடத்தில் ட்ரிபிள் டபுள் எடுத்த முதல் வீராங்கனை. ஜூலை 17இல் டாலஸுக்கு எதிராக 19 அசிஸ்ட், ஒரே ஆட்டத்தில் லீகின் சாதனை. ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காததால் ஒரு மாத ஓய்வும் கிடைத்தது. திரும்பி வந்தபின் ஃபீவர் 14 ஆட்டத்தில் 9 வென்றது. வருடக் கடைசியில் 40க்கு 20 வெற்றி, 2016க்குப் பிறகு முதல் முறையாக ப்ளேஆஃப். கிளார்க்கின் சராசரி 19.2 புள்ளி, 8.4 அசிஸ்ட். மூன்று புள்ளி எறிகள் 122, ரூக்கிகளில் சாதனை. சிறந்த ரூக்கி விருதில் 67 வாக்கில் 66 அவருக்கு.

ஆக, கல்லூரி ஷூட்டர் முதல் வருடத்திலேயே வெல்ல முடியுமா என்றால், முடியும். ஆனால் எறியும் கை மட்டும் அவரைக் கரை சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று புள்ளி எறிகளில் அவர் சதவீதம் 34.4. கல்லூரியின் கடைசி வருடத்தில் 37.8. ஷூட்டராக அவர் சற்று இறங்கித்தான் போனார். பந்தைப் பகிர்கிறவராகத்தான் ஏறினார். எறிவார் என்ற பயத்தில் இரண்டு பேர் அவரிடம் ஓடி வர, திறந்து கிடக்கும் ஆளுக்குப் பந்து போனது.

கூடவே இன்னோர் எண்: 223 டர்ன்ஓவர். லீக் வரலாற்றில் ஒரு வருடத்தில் யாரும் இத்தனை முறை பந்தைப் பறிகொடுத்ததில்லை. ஆட்டத்துக்கு 5.6. யாரும் அவரை உட்கார வைக்கவில்லை. உட்கார வைக்காதது சரியான முடிவு என்றே நினைக்கிறோம். தவறு செய்யச் செய்யத்தான் எந்தக் கை எங்கிருந்து நீளும் என்று உடம்புக்குத் தெரிகிறது. கேள்வி அதுவல்ல. மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட, பெயர் தெரியாத ஒரு கறுப்பினப் பெண் முதல் ஆட்டத்தில் 10 முறை பந்தைப் பறிகொடுத்திருந்தால் அவருக்கு இரண்டாவது ஆட்டம் இருந்திருக்குமா?

இந்த இடத்தில் எங்கள் குழுவின் இளைய தோழி ஒருத்தி எப்போதும் குறுக்கிடுவாள். "அண்ணே, அது டிராஃப்ட் எண் கொடுக்கிற பொறுமை. முதல் ஆளா எடுத்தா யாரா இருந்தாலும் ஆட விடுவாங்க. நிறத்தை எல்லாத்துலயும் கொண்டு வராதீங்க." அவள் சொல்வதில் பாதி சரி. அதனால்தான் அதே அணியில் இருக்கும் கெல்சி மிட்செலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

மிட்செலும் கல்லூரி ஷூட்டர்தான். கிளார்க்கின் அயோவா ஆடிய அதே பிக் டென் பிரிவில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். 3,402 புள்ளி. 2018இல் கல்லூரியை முடித்தபோது அதிகாரபூர்வப் பட்டியலில் இரண்டாம் இடம். மூன்று புள்ளி எறிகள் 497, அது அன்றைய சாதனை. அந்த வருட டிராஃப்டில் ஏஜா வில்சனுக்கு அடுத்து இரண்டாவது ஆளாக ஃபீவர் எடுத்தது. தோழி சொன்ன பொறுமை அவருக்கும் கிடைத்தது. ஆட விட்டார்கள், முதல் வருடம் 12.7 புள்ளி எடுத்தார். ஆனால் யார் பார்த்தார்கள்? அந்த வருடம் அணி 34 ஆட்டத்தில் 6 வென்றது. 2022இல் 36க்கு 5. ஆறு வருடம் ப்ளேஆஃப் கிடையாது. 2023இல் ஃபீவரின் சொந்த மைதானத்துக்கு ஆட்டத்துக்குச் சுமார் 4,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் சுமார் 17,000.

அந்த 2024இல் மிட்செலின் சராசரி என்ன தெரியுமா? 19.2. கிளார்க்கின் அதே எண். ஒரே அணி, ஒரே வருடம், ஒரே சராசரி. ஒருவர் பெயர் இந்தியாவில் விடியற்காலை எழுந்து பார்க்கும் நமக்குக்கூடத் தெரிந்தது. மற்றவர் பெயரை அமெரிக்க விளையாட்டு ரசிகர்களே பலர் கேட்டிருக்கவில்லை. அசிஸ்ட் கணக்கை வைத்துப் பார்த்தால் கிளார்க்கின் பங்கு பெரிது என்பது உண்மைதான். அவர் கொடுத்த பந்துகளில் பலவற்றைக் கூடையில் போட்ட கை மிட்செலுடையது என்பதும் உண்மை.

இதை இனவெறி என்று ஒரு சொல்லில் முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. மைதானத்தில் வெள்ளையர் நன்றாக ஆடினால் 'ஆட்ட அறிவு' என்பார்கள், கறுப்பர் நன்றாக ஆடினால் 'உடல்வாகு' என்பார்கள். நம்மூரில் 'அவங்களுக்கு உழைச்ச உடம்பு' என்று சொல்வதைப்போல. பாராட்டு மாதிரியே இருக்கும், ஆனால் மூளையை எடுத்துக்கொண்டு உடம்பை மட்டும் கையில் கொடுக்கும். ஏஜா வில்சன் 2024 மே மாதமே, கிளார்க்கின் புகழில் நிறத்துக்கும் பங்குண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. தன் பாட்டி அந்த வளாகத்துக்குள் நடக்கக்கூட முடியாத காலம் ஒன்று இருந்தது என்று சிலை திறப்பின்போது சொன்னவர் அவர். அந்த வருடம் எல்லா வாக்குகளையும் பெற்று லீகின் சிறந்த வீராங்கனை ஆனவரும் அவர்தான். அவர் பேசினால் பொறாமை என்கிறார்கள்.

ஏஞ்சல் ரீஸைப் பாருங்கள். 2023 கல்லூரி இறுதி ஆட்டத்தில் லூசியானா அணி அயோவாவை 102–85 என்று வென்றது. முகத்துக்கு நேரே கையை ஆட்டி கிளார்க்கை ரீஸ் சீண்டினார். சில நாள் முன் கிளார்க் அதே சைகையை இன்னோர் ஆட்டத்தில் செய்திருந்தார். கிளார்க் செய்தபோது துடுக்கான பெண், ரீஸ் செய்தபோது ஒழுக்கம் கெட்டவள். ரீஸைக் குறை சொல்ல வேண்டாம் என்று கிளார்க்கே சொல்ல வேண்டி வந்தது. முதல் தொழில்முறை வருடத்தில் ரீஸ் ஆட்டத்துக்கு 13.1 ரீபவுண்ட் எடுத்தார், 26 டபுள் டபுள். சமூக ஊடகத்தில் ஓடியதோ அவர் கூடைக்குக் கீழே நின்று தவறவிட்ட எறிகளின் தொகுப்பு. ஒருவரின் தவறு 'கற்றுக்கொள்கிறார்', இன்னொருவரின் தவறு 'இவ்வளவுதான் இவர்'.

ப்ளேஆஃபில் கேரிங்டனின் விரல் கிளார்க்கின் கண்ணில் பட்டது. அது வேண்டுமென்றே செய்தது அல்ல என்று கிளார்க்கே சொன்னார். ஆனால் கேரிங்டனுக்கு இனவெறி மிரட்டல்கள் வந்தன. அவருடைய அணியின் அலீசா தாமஸ், தன் பதினோரு வருட ஆட்டத்தில் இந்த மாதிரி இனவெறிப் பேச்சைக் கேட்டதில்லை என்றார். 2016இல் மினசோட்டா லின்க்ஸ் வீராங்கனைகள் காவல்துறைக் கொலைகளுக்கு எதிராகச் சட்டை அணிந்து நின்ற லீக் இது. தன் அணியின் இணை உரிமையாளரான செனட்டர் தேர்தலில் நின்றபோது அவருக்கு எதிரான வேட்பாளரின் பெயரை நெஞ்சில் எழுதி வந்தவர்கள் இந்தப் பெண்கள். அங்கே வந்துதான் இந்தக் கும்பல் கூச்சலிட்டது.

அந்த வருடக் கடைசியில் டைம் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் கிளார்க் ஒன்று சொன்னார். தனக்குக் கிடைத்ததை உழைத்துப் பெற்றேன், ஆனால் வெள்ளையர் என்பதால் சலுகை இருக்கிறது, இந்த லீக் கறுப்பினப் பெண்களால் கட்டப்பட்டது என்ற பொருளில். அதுவரை அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய சிலர் அன்றே அவரைத் திட்டத் தொடங்கினார்கள். எங்களுக்கோ அவர்மேல் மரியாதை கூடியது. உழைப்பும் சலுகையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்று ஒப்புக்கொள்ள 22 வயதில் அவரால் முடிகிறது. நம் கல்லூரிப் பேராசிரியர்கள் எத்தனை பேர் ஓய்வுபெறும் வயதிலாவது அதைச் சொல்லியிருக்கிறார்கள்?

எங்களில் நான்கு பேர் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்றவர்கள். ஒருத்தர் பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தார். அதே வகுப்பில் நான்கு அரியர் வைத்தவனிடம் "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்ட ஆசிரியர், இவரிடம் கேட்டது "கோட்டாவா?" என்று. அந்த ஒரு சொல்லோடு முதல் வருடம் முடிந்துவிட்டது. பிறகு அவர் எடுத்த எந்த மதிப்பெண்ணும் அந்த ஆசிரியர் கண்ணுக்குத் தெரியவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவிடம் ஹாக்கி அரையிறுதி தோற்ற இரவில், வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். தோற்றது பதினோரு பேர் கொண்ட அணி. வீடு மட்டும் ஒருவருடையது.

எங்கள் இளைய தோழி இன்னும் கிளார்க் பக்கம்தான். அவள் எறிவதைப் பார்க்கவே எழுகிறேன், அரசியல் அப்புறம் என்கிறாள். இருக்கட்டும். 2025இல் கிளார்க் காயத்தால் 13 ஆட்டம் மட்டுமே ஆடினார். அந்த வருடம் கெல்சி மிட்செல் ஆட்டத்துக்கு 20.2 புள்ளி எடுத்து, ஃபீவரை அரையிறுதியின் ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார். லீகின் முதல் ஐவர் பட்டியலில் பெயர் வந்தது. ஷூட்டராக உள்ளே வந்து அப்போது எட்டாவது வருடம்.